யோஷியை ஏன் எடுத்தாய்?

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ ஆடும் நாலு பேர் கூடும் இடத்தில், புதிதாக ஒரு கேரக்டரைக் கற்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ‘பிடிச்சிருக்கா? கைக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்பவர் அபூர்வம். ‘டியர் லிஸ்ட்ல அது எங்க இருக்கு?’ என்றுதான் கேட்பார்கள். எந்தக் கேரக்டர் வலிமையானது, எது சொத்தை என்று மேலிருந்து கீழாக அடுக்கிய தரவரிசைப் பட்டியல் அது. தமிழில் எழுதும்போது ஏதோ அன்புக்குரிய பட்டியல் போலத் தெரியும். அன்பு ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும் பெரியப்பாவின் அதிகாரம்தான் அதற்கு. யோஷி என்றால் ‘ஐயோ, அதை ஏன் எடுத்தே?’ ஃபாக்ஸ் என்றால் ‘சரியான சாய்ஸ்.’

பட்டியல் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதைத் தயாரிப்பவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். கற்க வருகிறவர் அதை முதலில் பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஒரு புதிய கேரக்டரைக் கற்பது என்றால் என்ன என்பதையே அந்தப் பழக்கம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது. நம்மில் பலர் எதையும் புதிதாகக் கற்காமல் காலம் தள்ள அது ஒரு கௌரவமான சாக்காகவும் ஆகிவிட்டது.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மெலீ 2001இல் நின்டெண்டோவின் கேம்க்யூப் கருவிக்காக வந்தது. மசாஹிரோ சகுராய் இயக்கியது. வழக்கமான சண்டை கேம்களில் ஆளுக்கொரு உயிர்ப்பட்டை இருக்கும், அடி விழ விழக் குறையும், காலியானால் தோல்வி. இங்கே பட்டைக்குப் பதில் ஒரு சதவீதம். அடி வாங்க வாங்க அந்த எண் ஏறும். எண் ஏற ஏற, அடுத்த அடியில் இன்னும் தூரமாகப் பறப்பீர்கள். அந்தரத்தில் நிற்கும் மேடையை விட்டுத் திரைக்கு வெளியே போனால்தான் ஓர் உயிர் போகும். மேடைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டவர் தாவித் தாவித் திரும்பி வரலாம். வரவிடாமல் எதிராளி மடக்கலாம். பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் என்ற வகையின் இலக்கணம் பெரும்பாலும் இவ்வளவுதான். மெலீயில் மொத்தம் 26 கேரக்டர்கள். மாரியோ, பிக்காச்சு, வாளேந்திய மார்த், ஃபாக்ஸ் என்ற நரி, யோஷி என்ற பச்சை டைனோசர் என்று ஒரு வினோதமான கூட்டம்.

இனி ஒரு மென்பொருள்காரனாக இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மெலீக்கு அப்டேட் கிடையாது. இன்றைய கேம்களில் ஒரு கேரக்டர் வலிமையாகிவிட்டால் கம்பெனி அடுத்த மாதமே ஒரு பேட்ச் விட்டு அதன் பல்லைப் பிடுங்கும். மெலீ டிஸ்க்கில் அச்சடித்து விற்ற பொருள். தொடக்க காலத்தில் சில சில்லறைத் திருத்தங்களோடு வந்த பதிப்புகளும், ஐரோப்பாவுக்கென்று கொஞ்சம் மாற்றிய ஒரு பதிப்பும் உண்டு. அதன்பிறகு யாரும் கோடைத் தொடவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அதே பைனரி.

ஆனால் பட்டியல் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் உச்சியில் இருந்தது ஷீக். பிறகு அந்த இடம் ஃபாக்ஸிடம் போனது. பலூன் மாதிரி ஊதிய இளஞ்சிவப்பு ஜிக்லிபஃப் ஆரம்பப் பட்டியல்களில் உச்சிக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதே ஜிக்லிபஃப்பை ஆடித்தான் ஹங்கிரிபாக்ஸ் 2017, 2018, 2019 மூன்று வருடமும் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். பிக்காச்சு எப்போதும் நடுவாந்திரம். 2019 அக்டோபரில் ஆக்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பிக்காச்சுவை வைத்தே ஸ்மாஷ் சம்மிட் 8 போட்டியை வென்றார். நெடுங்காலம் கடைசி வரிசைகளில் கிடந்த யோஷியை ஜப்பானைச் சேர்ந்த ஆம்சா வருடக்கணக்கில் விடாமல் ஆடினார். 2022 அக்டோபரில் தி பிக் ஹவுஸ் 10 போட்டியில் பட்டம் அவருக்கு. கேம் வெளியாகி 21 வருடம் கழித்து.

கோடு மாறவில்லை, ரேங்க் மாறியிருக்கிறது. அப்படியென்றால் பட்டியல் எதை அளந்தது? கேரக்டருக்குள் இருப்பதை மட்டும் அளந்திருந்தால் அது 2002லேயே நின்றுபோயிருக்க வேண்டும். அந்தந்தத் தேதி வரைக்கும் மனிதர்கள் ஒரு கேரக்டருக்குள் கண்டுபிடித்ததைத்தான் அது அளந்துகொண்டிருந்தது. யோஷிக்குள் இருந்ததெல்லாம் 2001லேயே டிஸ்க்கில் இருந்தது. தேடத்தான் ஆள் இல்லை. ஏன் இல்லை? பட்டியலில் கீழே இருந்ததால் பலரும் தொடவில்லை. பலரும் தொடாததால் அது கீழேயே கிடந்தது. கிளறிப் பார்க்காத நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, தரிசுதானே என்று யாரும் உழாமல் விட்ட கதை.

பட்டியல் ஒரு பெஞ்ச்மார்க். பெஞ்ச்மார்க்கைக் காட்டுபவரிடம் எந்த எஞ்சினியரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த மெஷின்ல ஓட்டின?’ என்பதுதான். டியர் லிஸ்ட் ஓடியது உலகின் தலைசிறந்த ஐம்பது நூறு பேரின் கைகளில். அவர்கள் மட்டத்தில் ஃபாக்ஸுக்கும் பவுசருக்கும் உள்ள தூரம் கொடூரமான உண்மை. ஆனால் நேற்று கன்ட்ரோலர் வாங்கியவரின் கையில் ஃபாக்ஸ் அடிக்கடி மேடையிலிருந்து தானாக விழுந்து சாகும் ஒரு நரி, அவ்வளவுதான். மெலீயில் எல்-கேன்சல் என்று ஒன்று உண்டு. காற்றில் அடித்துக்கொண்டே தரையிறங்கும்போது, தரை தொடுவதற்கு முந்தைய 7 ஃப்ரேமுக்குள் ஒரு பட்டனை அழுத்தினால் தடுமாறி நிற்கும் நேரம் பாதியாகும். கற்பவர்களின் தோல்விகளில் பெரும்பகுதி இப்படி அழுத்தாமல் விட்ட பட்டன்களில் இருக்கிறது. ‘மேட்ச்அப் மோசம்’ என்று புலம்ப அவர்களுக்கு இன்னும் தகுதியே வரவில்லை.

‘சரி, கற்பதுதான் முக்கியம் என்றால், அடிப்படை எல்லா கேரக்டருக்கும் ஒன்றுதானே? ஒன்றில் கற்றால் இன்னொன்றுக்கு எடுத்துட்டுப் போகலாமே?’ இது அடுத்த மந்திரம். பாதி உண்மை. எதிராளி எப்போது பதறுவான், எப்போது தாவுவான், இந்தக் கணக்கெல்லாம் கூடவே வரும். மீதிப் பாதியைப் பற்றி மட்டும் யாரும் எச்சரிப்பதில்லை. அந்தப் பாதி விரலில் இருக்கிறது.

மெலீ விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். தாவும் பட்டனை அழுத்தியதும் கேரக்டர் உடனே எழும்பாது, முதலில் முழங்காலை மடக்கும். ஃபாக்ஸுக்கு அது 3 ஃப்ரேம், அதாவது 50 மில்லிவிநாடி. யோஷிக்கு 5. பவுசருக்கு 8. கால் தரையை விட்டுப் பிரிவதற்குள் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டால் குட்டித் தாவல், எடுக்காவிட்டால் முழுத் தாவல். குட்டித் தாவல் இல்லாமல் மெலீ இல்லை. ஃபாக்ஸில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 33 மில்லிவிநாடி. பவுசரில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஃபாக்ஸில் பழகிய விரல் யோஷிக்கு வந்தால், அடுத்த அடியை அவசரப்பட்டு அழுத்தி வீணாக்கும். மாறிப் போனால் முழுத் தாவலாக எகிறிக் கூரையில் தொங்குவீர்கள். அறிவுக்கு இதெல்லாம் ஒரு வாக்கியம். விரலுக்கு மூன்று வாரம்.

பட்டன்களின் பொருளே மாறுவது இன்னும் பெரிய கஷ்டம். ஃபாக்ஸில் கீழ்த்திசையோடு பி பட்டனை அழுத்தினால், அழுத்திய முதல் ஃப்ரேமிலேயே உடம்பைச் சுற்றி ஒரு கேடயம் மின்னி, ஒட்டி நிற்பவனை அடித்துத் தள்ளும். நெருக்கடி வந்தால் ஃபாக்ஸ்காரரின் கை யோசிக்காமல் அங்கேதான் போகும். அதே பட்டனை மார்த்தில் அழுத்தினால் அவன் வாளை ஏந்தி எதிரியின் அடிக்காகக் காத்து நிற்பான். அடி வராவிட்டால் சந்தையில் வழிதவறிய பிள்ளை மாதிரி நிற்க வேண்டியதுதான். ஃபாக்ஸ் எதிராளியின் மூக்குக்குக் கீழே வாழப் பிறந்தவன். மார்த்தின் வாளுக்கோ நுனியில்தான் உயிர். நுனி பட்டால் எதிரி பறப்பான், அடிப்பகுதி பட்டால் சும்மா உரசல். ஆகவே நெருங்கு என்று கற்ற உடம்புக்கு இப்போது விலகு என்று கற்பிக்க வேண்டும். ‘இடைவெளி காப்பது ஓர் அடிப்படைத் திறன்’ என்று சொல்லிவிடலாம். எவ்வளவு இடைவெளி என்பது ஒவ்வோர் உடம்புக்கும் வேறு.

யோஷி இதன் உச்சம். மற்ற கேரக்டர்கள் கேடயம் பிடித்து அடியைத் தாங்கி, கேடயத்திலிருந்து நேராகத் தாவி வெளியேறும். யோஷிக்கு அந்தத் தாவல் கிடையாது. அங்கேயே பாதிப் பழக்கம் செத்துப்போகிறது. பதிலாக யோஷி கேடயத்தைத் தூக்கும் அந்தச் சில ஃப்ரேம்களில் அடி விழுந்தால், அதை அப்படியே விழுங்கிவிட்டு உடனே திருப்பி அடிக்கலாம். மற்ற கேரக்டர்களை மேடைக்குத் தூக்கிவரும் மேல்-பி, யோஷிக்கு முட்டை எறிய மட்டுமே உதவும், உயரம் தராது. அதனால் நடுவானில் கிடைக்கும் இரண்டாவது தாவல்தான் வீடு திரும்பும் ஒரே வழி. அந்தத் தாவலின்போது யோஷிக்கு ஒரு கவசமும் உண்டு, ஓரளவு வரையிலான அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் மேலே வரும். மற்றவர்கள் கடைசிக் காசு போலப் பொத்திவைக்கும் இரண்டாவது தாவலை யோஷிக்காரர் சண்டையின் நடுவிலேயே கவசமாகச் செலவழிக்கக் கற்க வேண்டும். இது ‘அடிப்படை’யின் மேல் ஒரு மாடி கட்டுவது இல்லை, அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் வைப்பது. இதைச் செய்தவரை ‘இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த டைனோசரையா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது நியாயமான ஆட்சேபணைக்கு வருவோம். ‘ஆம்சா ஒருத்தர். ஆக்ஸ் ஒருத்தர். அவங்களைப் பார்த்துக் கீழ்வரிசைக் கேரக்டர் எடுத்து மண்ணைக் கவ்வினவங்க எத்தனை பேர்? ஜெயிச்சவனை மட்டும் எண்ணுறது என்ன கணக்கு?’

சரியான கேள்வி. உங்கள் யோஷியும் பட்டம் வெல்லும் என்று நான் சொல்லவே இல்லை. வெல்லாது. உங்கள் ஃபாக்ஸும் வெல்லாது! இதை ஏனோ யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. இதைப் படிக்கும் நம்மில் யாரும் எந்த மேஜர் போட்டியிலும் இறுதிச் சுற்றில் உட்காரப் போவதில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, ராத்திரி பத்தரைக்குக் கன்ட்ரோலரை எடுக்கிறவர்கள் நாம். உச்ச மட்டத்தில் நூலிழையில் வெற்றியைத் தீர்மானிக்கும் வித்தியாசத்துக்காக, கைக்கு ஒட்டாத ஒரு நரியோடு ஆயிரம் மணி நேரம் குடித்தனம் நடத்துவது என்ன கணக்கு? நேரம் குறைவாக இருப்பவர்தான் பட்டியலைப் பார்க்கக் கூடாது. யாரோடு ஆயிரம் மணி நேரம் சலிக்காமல் இருக்க முடியும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விடக் கூடாது. வேண்டுமென்றே கீழ்வரிசைக் கேரக்டரை எடுத்துக்கொண்டு, தோற்றால் ‘நான் பவுசர்டா, அதான்’ என்றும், ஜெயித்தால் ‘பவுசரை வச்சே அடிச்சேன் பார்’ என்றும் சொல்லும் வீரர்கள். பட்டியலை எதிர்ப்பவர்கள் போலத் தெரிவார்கள். உண்மையில் அவர்களைப் போல பட்டியலைக் கும்பிடுபவர்கள் யாரும் இல்லை. தோல்விக்கு முன்ஜாமீன், வெற்றிக்கு போனஸ், இரண்டையும் அதே பட்டியலிடம்தான் வாங்குகிறார்கள். பவுசரின் 8 ஃப்ரேம் முழங்காலோடு எப்படி வாழ்வது என்று அவர்களும் தேடுவதில்லை. பவுசரையும் அவர்கள் கற்கவில்லை.

இதெல்லாம் ஒரு கேம் பற்றிய தகராறு, இதற்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்ற பட்டியலை வைத்து வாழ்க்கையைத் தீர்மானித்த தலைமுறை நாங்கள். ‘உனக்கு மெஷின் பிடிக்குமா, மண்ணு பிடிக்குமா?’ என்று கேட்க அங்கே நேரமில்லை. ‘மார்க் எவ்ளோ? அதுக்கு எது கிடைக்கும்?’ அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்காக என்றால் அதையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் வயிற்றுப்பாடு இல்லாத ஒரே இடம் விளையாட்டு. அங்கேயும் முதல் வேலையாகக் கட்-ஆஃப் பார்க்கிறோம் என்றால், அந்தப் பட்டியல் கவுன்சலிங் ஹாலிலேயே நிற்கவில்லை, நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020இல் ஸ்லிப்பி வந்தபிறகு மெலீயை இன்டர்நெட்டில் நேரில் ஆடுவதுபோலவே ஆட முடிகிறது. அருமையான மென்பொருள், ஆர்வலர்கள் உருவாக்கியது. பின்னாளில் அதில் தரவரிசை ஆட்டமும் வந்தது. பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டம். அது வந்ததும் பலருக்கும் நடந்தது இதுதான்: கோல்டு வாங்கியவர் கோல்டைக் காப்பாற்ற ஆரம்பித்தார். புதிய கேரக்டரை எடுத்தால் எண் சரியும். எல்லோரும் பார்க்கும் எண். அதனால் எடுப்பதில்லை. வருடக்கணக்கில் அதே கேரக்டர், அதே நாலு தந்திரம், அதே கோல்டு. முப்பது வயதுக்கு மேல் நமக்கு மிகவும் பயம் தருவது தோல்வி கிடையாது. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றில், மற்றவர் கண்முன்னால் மறுபடி தத்தித் தத்தி நடப்பது. எண் அந்த பயத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளையை நியமித்திருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்கள் இந்த பயத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். ஜிக்லிபஃப்பால் பெயர் வாங்கிய மாங்கோ, அதை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். ஃபால்கோ பக்கமும் ஃபாக்ஸ் பக்கமும் போனார். பீச் இளவரசியை வைத்து உலகத்தின் உச்சத்துக்கு வந்த ஸ்வீடனின் ஆர்மடா, பிறகு ஃபாக்ஸையும் கற்றார். ‘அவங்க ரெண்டு பேரும் மேல்வரிசைக்குத்தானே போனாங்க?’ என்பீர்கள். போகட்டும். எங்கே போனார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை, எதை விட்டுப் போனார்கள் என்பதில்தான். கையில் பட்டம் இருக்கும்போதே அவர்கள் மறுபடி கற்றுக்குட்டியாக உட்கார்ந்தார்கள். நம் கோல்டு அவர்கள் பட்டத்தை விடப் பெரிதா?

சகுராய் ஒரு பழைய அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு ஆர்கேடில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடி எதிராளியை நொறுக்கித் தள்ளிவிட்டுப் பார்த்தால், எதிரே இருந்தது ஆட்டம் தெரியாத ஒரு ஜோடி. இப்படி ஒரு புதியவரை அடித்துத் துரத்தும் ஆட்டம் எதற்கு என்ற அந்த உறுத்தல் ஸ்மாஷ் பிரதர்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. புதியவருக்கு இடம் வைக்க வேண்டும் என்று நினைத்து ஒருவர் செய்த ஆட்டத்தில், நமக்குள்ளே இருக்கும் புதியவரை நாமே பட்டியலைக் காட்டித் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் யோசனை இது. ஒரு கேரக்டரை எடுங்கள். நடை பிடித்திருக்கிறது, குதிக்கும் சத்தம் பிடித்திருக்கிறது, எந்தக் காரணமும் போதும். முதல் வாரம் எதிராளியே வேண்டாம். காலி மேடையில் நடங்கள், ஓடுங்கள், குட்டித் தாவல் நூறுக்குத் தொண்ணூறு வரும்வரை தாவுங்கள். லூயிஜி என்றால் பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கும், வழுக்கட்டும், எவ்வளவு தூரம் என்று கை அறியும்வரை. இரண்டாவது வாரம் தரவரிசை இல்லாத ஆட்டத்துக்குப் போய் ஐம்பது தோல்வி வாங்குங்கள். ஐம்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டால் ஒவ்வொன்றும் அவமானமாக இருக்காது, கணக்கில் ஒன்று குறையும். ஸ்லிப்பி ஒவ்வோர் ஆட்டத்தையும் சேமித்து வைக்கும். தினமும் ஒன்றை மட்டும் திருப்பிப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் என் கை பழைய கேரக்டரை ஆடியது? அந்த இடங்கள் குறைந்துகொண்டே வந்தால் கற்கிறீர்கள். வெற்றி தோல்வி அப்புறம்.

ஆறு மாதம் போகட்டும். அதன்பிறகு டியர் லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள், தாராளமாக. உங்கள் கேரக்டர் பதினெட்டாவது இடத்தில் இருக்கும், அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களும் இருக்கும். அதில் சிலவற்றுக்குத் தலையாட்டுவீர்கள். ஒன்றிரண்டு இடத்திலாவது ‘இது தப்பு, நான் செஞ்சு பார்த்திருக்கேன்’ என்று வாய் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைக் கொண்டுபோய் அவர்களோடு சண்டை போடுங்கள். இருபது வருடமாக அந்தப் பட்டியல் மாறியது அப்படித்தான்.